பாத்ரூம் டைல்ஸ்: முதலில் தரை, அப்புறம் சுவர்!

டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் கண் போவது சுவர் டைல்ஸ் பக்கம்தான். கடையை அடுக்கியிருப்பதும் அப்படித்தான். நிற்க வைத்த பலகைகளில் நீல அலை, வெள்ளை மார்பிள், இலை, பூ என்று வரிசையாக மின்னும். மேலே பளீர் விளக்கு வேறு. தரைக்கான டைல்ஸ், சாம்பலும் பழுப்புமாக எங்கோ ஒரு மூலையில் அடுக்கிக் கிடக்கும்.

பழைய பாத்ரூமை உடைத்துப் புதுசாக்க முடிவு செய்த எந்தக் குடும்பம் வந்தாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். மருமகள் நாலு டிசைனை போனில் படம் எடுத்து நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மகன் சதுர அடி என்ன விலை என்று விசாரிப்பார். கூட வந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "அத்தை, இது நல்லாருக்கா பாருங்க" என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. வழுக்காம இருந்தா சரி" என்பார்.

அந்த பாத்ரூமைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். ஆனால் கடையில் செலவாகும் ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி சுவருக்கே போய்விடும். கிளம்புகிற நேரத்தில், "தரைக்கு இதுக்கு மேட்ச்சா ஏதாவது போட்டுக் குடுங்க" என்பதோடு தரை முடிந்துவிடும்.

எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது கீழே விழுதல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படி விழுந்து உயிரிழப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்கள்தான் அதிகம். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன், படுக்கை, பிசியோதெரபி என்று மாதக்கணக்கில் இழுக்கும். சிலர் பழையபடி தனியாக நடமாடவே முடியாமல் போய்விடுகிறது. டைல்ஸ் கடையில் அம்மா சொன்ன வார்த்தையை அந்தக் கணக்கில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

700 ரூபாய் வித்தியாசம்

ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம் ஒன்றின் கணக்கு இது. தரை 35 சதுர அடி. சுற்றளவு 24 அடி. ஏழு அடி உயரத்துக்குச் சுவரில் டைல்ஸ் பதித்தால் 168 சதுர அடி. கதவைக் கழித்தால் சுமார் 150. அதாவது சுவர், தரையைப் போல நாலு மடங்குக்கும் மேல்.

தரைக்கு நல்ல டைல்ஸ் எடுப்பதால் சதுர அடிக்கு 20 ரூபாய் கூடுகிறது என்றால், கூடுதல் செலவு 700 ரூபாய். அதே 20 ரூபாயைச் சுவரில் கூட்டினால் 3,000 ரூபாய். பட்ஜெட் இடிக்கிறது என்றால் கை வைக்க வேண்டிய இடம் சுவர்தான். சுவர் டிசைனில் ஒரு படி இறங்கினால் யாருக்கும் அடிபடப் போவதில்லை.

ஆர்-9 என்றால் உசத்தியா?

"இது ஆன்டி-ஸ்கிட் சார்" என்று கடையில் சொல்வார்கள். எந்த அளவுக்கு என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. ஆனால் இதற்கு அளவு உண்டு. ஜெர்மனியில் உருவான ஒரு சோதனை முறையை வைத்து, ஆர்-9 முதல் ஆர்-13 வரை ஓர் எண் கொடுக்கப்படுகிறது. பெட்டியிலோ கம்பெனியின் கேட்டலாக்கிலோ அந்த எண் இருக்கும்.

சோதனை சுவாரஸ்யமானது. சாய்த்துக்கொண்டே போகக்கூடிய ஒரு மேடையில் டைல்ஸைப் பதித்து, மேலே எண்ணெயைத் தடவிவிடுவார்கள். பூட்ஸ் போட்ட ஒருவர் அதில் முன்னும் பின்னும் நடப்பார். மேடை கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். அவருக்கு எந்தக் கோணத்தில் கால் சறுக்குகிறதோ அதுதான் மதிப்பெண். 6 முதல் 10 டிகிரிக்குள் சறுக்கினால் ஆர்-9. 10 முதல் 19 வரை ஆர்-10. 19 முதல் 27 வரை ஆர்-11.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 13-க்கு 9 என்றால் நல்ல மார்க் என்று தோன்றும். இந்த வரிசை தொடங்குவதே 9-ல்தான். ஆர்-9 என்பது பாஸ் மார்க் வாங்கிய கடைசி பெஞ்ச் மாணவன். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் அது போதும், தண்ணீர் தேங்கும் பாத்ரூமுக்குப் போதாது. குறைந்தது ஆர்-10, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஆர்-11 என்று கேட்டு வாங்குவது நல்லது.

பாத்ரூமில் யாரும் பூட்ஸ் போட்டுக் குளிப்பதில்லையே என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் தனிச் சோதனை இருக்கிறது. எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர், பூட்ஸுக்குப் பதில் வெறுங்கால். இதில் ஏ, பி, சி என்று மூன்று தரம். 12 டிகிரியைத் தாண்டினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. குளிக்கும் இடத்துக்குப் பொருந்துவது பி. எல்லா கம்பெனியும் இதைக் கேட்டலாக்கில் போடுவதில்லை. போட்டிருந்தால் ஆர் எண்ணைவிட இதை நம்பலாம்.

ஜெர்மன் சோதனையில் தடவுவது மோட்டார் எண்ணெய். நம் வீடுகளில் அது நல்லெண்ணெய். சனிக்கிழமையும் தீபாவளியும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சீயக்காயோ அரப்போ போட்டு அலசிய பிறகு பாத்ரூம் தரை எப்படி இருக்கும் என்பது அடுத்து உள்ளே போகிறவருக்குத்தான் தெரியும். சோப்பு நுரை ஒரு சொம்புத் தண்ணீரில் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு போகாது.

இன்னொரு குழப்பம் 'மேட் ஃபினிஷ்'. மேட் என்றால் பளபளப்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். வழுக்காது என்று அர்த்தம் கிடையாது. காய்ந்த நிலையில் சொரசொரப்பாகத் தெரியும் சில மேட் டைல்ஸ், நனைந்ததும் மீன் மாதிரி வழுக்கும். கடையில் ஒரு சாம்பிளைத் தரையில் வைத்து, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்ப்பதைவிட எளிய சோதனை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை எழுப்பி, கையைப் பிடித்துக்கொண்டு தேய்த்துப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

அதற்காக இருப்பதிலேயே சொரசொரப்பானதைத் தேடிப் போவதும் தவறு. முள்ளு முள்ளாக இருக்கும் தரையில் சோப்பு அழுக்கும், போர் தண்ணீர் உப்பும் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். பிரஷ் போட்டுத் தேய்க்கிறவருக்கு இடுப்பு ஒடியும். தேய்க்காமல் விட்டால் பாசி பிடித்து, வழுக்கக் கூடாது என்று போட்ட தரையே வழுக்க ஆரம்பிக்கும். யார் கழுவப் போகிறாரோ அவருக்கும் இந்தத் தேர்வில் ஓட்டு உண்டு.

பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர்

சுவர் டைல்ஸும் தரை டைல்ஸும் ஒன்றல்ல. சுவருக்கான செராமிக் டைல்ஸின் உடல், தன் எடையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சுதான் தண்ணீரைத் தடுக்கிறது. தரைக்கு வரும் விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவிகிதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. கையில் தூக்கினாலே கனம் தெரியும்.

சந்தேகம் இருந்தால் டைல்ஸைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். சுவர் டைல்ஸ் பிளாட்டிங் பேப்பர் மாதிரி குடித்துவிடும். விட்ரிஃபைடில் சொட்டு அப்படியே நிற்கும். சுவரில் மிஞ்சிய டைல்ஸைத் தரையில் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிட வேண்டும். வழுக்கலோடு விரிசலும் வரும். தரை டைல்ஸைச் சுவரில் ஏற்றுவதில் தவறில்லை. ஆனால் தண்ணீரே குடிக்காத டைல்ஸை வெறும் சிமென்ட் பாலில் ஒட்டினால் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள டைல் அடிசிவ் தேவை.

இதில் மேஸ்திரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. எல்லா டைல்ஸையும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டுவிடுவார்கள். சிமென்ட் கலவையில் பதிக்கும் செராமிக் டைல்ஸுக்கு அது சரியான முறைதான். அடிசிவ் போட்டு ஒட்டுவதாக இருந்தால் ஊறப் போடக் கூடாது.

பெரிய டைல்ஸ், சிறிய பாத்ரூம்

இப்போது ஃபேஷன், இரண்டுக்கு நாலு அடிப் பெரிய பலகைகள். சுவரில் அவை பிரமாதமாக இருக்கும். இணைப்புகள் குறைவு என்பதால் அழுக்குப் பிடிக்கும் கோடுகளும் குறைவு. தரையில் கதை வேறு. பாத்ரூம் தரை சமதளம் அல்ல. நாலு பக்கத்திலிருந்தும் ஜாலியை நோக்கி வாட்டம் இருக்க வேண்டும். ஐந்து அடி நீளத்துக்கு முக்கால் இன்ச்சாவது இறங்க வேண்டும். ஷவருக்குக் கீழே அடிக்குக் கால் இன்ச் வரை கொடுப்பார்கள். ஒரு பெரிய பலகையை நாலு பக்கமும் சாய்க்க முடியாது. குறுக்கே வெட்டினால்தான் வாட்டம் வரும். வெட்டினால் அந்த டிசைனின் அழகே போய்விடும். எனவே மேஸ்திரி வாட்டத்தைக் குறைத்துவிடுவார். தண்ணீர் மூலையில் தேங்கும்.

தரைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ் இன்றைக்கும் நல்ல தேர்வு. வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும். இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிமானமும் கூடுதல். டைல்ஸ்களுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்ல வேண்டும். "கேப்பே தெரியாம ஒட்டித் தர்றேன்" என்று பெருமையாகச் சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. அந்தத் தலைமுடி இடைவெளியில் கிரவுட் உள்ளே இறங்காது. தண்ணீர் இறங்கும்.

வாசல் திட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று. தண்ணீர் வெளியே வரக் கூடாது என்று மூன்று இன்ச் உயரத்துக்குக் கட்டிவிடுவார்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகிறவர் இடறி விழ அது போதும். வாட்டம் ஒழுங்காக இருந்தால் அரை இன்ச் இறக்கமே தண்ணீரை உள்ளே நிறுத்தும்.

டைல்ஸுக்கு அடியில்

பலரும் நினைப்பதுபோல டைல்ஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை. கிரவுட் வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் போய்க்கொண்டேதான் இருக்கும். தடுப்பது அதற்குக் கீழே இருக்கும் வாட்டர் புரூஃபிங் பூச்சு. அடுக்குமாடிக் குடியிருப்பில் இது இன்னும் முக்கியம். கழிவுக் குழாய்களுக்காகத் தரையைத் தாழ்த்திக் கட்டி, செங்கல் துண்டு போட்டு நிரப்பியிருப்பார்கள். உள்ளே தண்ணீர் சேர்ந்தால் மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழ் வீட்டு சீலிங்கில் ஈரத் திட்டு தெரியும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும்.

பூச்சைத் தரை முழுக்கவும், சுவரில் ஒரு அடி உயரத்துக்கும், ஷவர் இருக்கும் சுவரில் ஆறடிக்கு மேலும் அடிக்க வேண்டும். அது காய்ந்த பிறகு ஜாலியை அடைத்து, தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, சீலிங்கைப் பார்த்துச் சொல்லச் சொல்வது மரியாதையும்கூட. கசிவு இல்லை என்றால்தான் டைல்ஸ்.

நடைமுறையில் முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டு நாள்தான். காரணமும் புரியக்கூடியதே. வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம் இருக்கும். பக்கத்து வீட்டில் போய்க் குளித்துக்கொண்டிருப்பார்கள். மேஸ்திரிக்கு அடுத்த வேலை காத்திருக்கும். எல்லோருக்கும் அவசரம். அதனால் வேலை முடியும்வரை எங்கே குளிப்பது, இரவில் பெரியவர்கள் எங்கே போவது என்று முடிவு செய்யாமல் பழைய டைல்ஸில் முதல் சுத்தியல் அடி விழக் கூடாது.

'டைல் மேல டைல்' ஒட்டிவிடலாமே என்றும் ஒரு யோசனை வரும். தூசி இல்லை, இடிக்கும் கூலி இல்லை. அதற்கென்றே அடிசிவ் இருக்கிறது. பை மேலேயே எழுதியிருக்கும். பழைய டைல்ஸைத் தட்டிப் பார்த்து எங்கும் பொள்ளல் சத்தம் வரவில்லை, கசிவும் இல்லை, அழகு மட்டும்தான் பிரச்னை என்றால் செய்யலாம். தரை அரை இன்ச்சுக்கு மேல் உயரும், கதவை அடியில் சீவ வேண்டி வரும். கசிவு இருக்கும் பாத்ரூமில் இதைச் செய்வது, புண்ணை ஆற்றாமல் மேலே பவுடர் அடிப்பது போலத்தான்.

ஆசிட் பாட்டில்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. ஆறு மாதத்தில் குழாயைச் சுற்றி வெள்ளை படியும். உடனே வீடுகளில் தேடுவது ஆசிட்டை. ஊற்றியதும் புஸ்ஸென்று பொங்கும். டைல்ஸ் பளிச்சென்று ஆகும். ஆனால் உப்புக் கறையோடு சேர்ந்து கிரவுட்டில் இருக்கும் சிமென்ட்டும் கரைகிறது. நாலைந்து முறை ஊற்றினால் கோடுகள் பள்ளமாகிவிடும். அடியில் ஈரம் இறங்கும், டைல்ஸ் பெயரும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

ஆசிட் தேவைப்படாத மாதிரி தேர்வு செய்வதே வழி. சுவரில் கறுப்பு, அடர் நீலம் போன்ற பளபளப்பான நிறங்களில் ஒவ்வொரு உப்புத் துளியும் தனித்தனியாகத் தெரியும். வெளிர் சாம்பல், மணல் நிறம் மன்னித்துவிடும். தரைக்கும், குழாய்க்கு அருகே உள்ள சுவருக்கும் எபாக்ஸி கிரவுட் போட்டால் கறை ஏறாது, ஆசிட்டையும் தாங்கும். விலை அதிகம். கை தேர்ந்த ஆள் வேண்டும். பூசியவுடன் துடைக்காவிட்டால் டைல்ஸ் மேல் பிசின் மாதிரி காய்ந்துவிடும், பிறகு போகவே போகாது. தினமும் குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரை ஒரு இழுப்பு இழுத்துவிடுவது எந்த கெமிக்கலைவிடவும் பலன் தரும். பிள்ளைகளை அதற்குப் பழக்குவதுதான் கஷ்டம்.

கல் மேல் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்பிளும் கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகை. ஆசிட் பட்ட இடம் அரித்துவிடும். ஆத்தங்குடி டைல்ஸ் காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் பெருமைதான். ஆனால் சிமென்ட்டால் ஆனது, தண்ணீரை உறிஞ்சக்கூடியது. ஹாலில் நடக்க நடக்க அது மெருகேறும். பாத்ரூமில் அந்த மெருகே எதிரி. கிரானைட் ஆசிட்டைத் தாங்கும். பாலிஷ் போடாத சொரசொரப்பான வகையாக எடுக்க வேண்டும். அந்தக் காலத்துக் கிணற்றடியிலும் முற்றத்திலும் கொத்திய கல்லைத்தான் போட்டார்கள். தேய்ந்து வழுக்க ஆரம்பித்தால், அம்மி கொத்துவது போல ஆள் வைத்து மறுபடி கொத்தினார்கள்.

சுவருக்கு வருவோம்

தரை முடிவானால் சுவர் சுலபம். பளபளப்பான டைல்ஸைச் சுவரில் தாராளமாகப் போடலாம். துடைக்க எளிது, ஜன்னல் சிறிதாக உள்ள பாத்ரூமில் வெளிச்சத்தையும் கூட்டும். ஒரே ஒரு விதி. தரையும் சுவரும் ஒரே நிறத்தில் வேண்டாம். கண் மங்கியவர்களுக்குத் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. வெள்ளைத் தரையில் வெள்ளை கமோட் இருந்தால் உட்காரும்போது தடுமாறுவார்கள். தரை கொஞ்சம் அடர் நிறம், சுவர் வெளிர் நிறம் என்பது பெரியவர்கள் உள்ள வீட்டுக்குப் பொருத்தம்.

கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்பதையும் இப்போதே குறித்துவிட வேண்டும். கமோட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் தரையிலிருந்து இரண்டே முக்கால் முதல் மூன்று அடி உயரம் சரியாக இருக்கும். பின்னால் துளை போட்டால் டைல்ஸ் விரியலாம், பூச்சும் ஓட்டையாகும். டவல் கம்பியைக் கைப்பிடியாக நினைத்துப் பிடித்து, கம்பியோடு கீழே விழுந்தவர்கள் உண்டு.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, இடிக்காமல் ஒட்டும் பி.வி.சி. பேனல் இருக்கிறது. ஒரு நாளில் வேலை முடியும். விளிம்புகளைச் சிலிகான் வைத்து அடைக்காவிட்டால், பின்னால் கரப்பான் குடித்தனம் நடத்தும். ஷவர் படாத சுவருக்கு மட்டும் அது சரி.

வாங்கும்போது பத்து சதவிகிதம் கூடுதலாக எடுக்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றா என்று பார்த்து இறக்க வேண்டும். ஒரே டிசைன் வேறு பேட்ச்சில் வந்தால் சுவரில் ஒட்டிய பிறகுதான் நிற வித்தியாசம் தெரியும். மிஞ்சிய டைல்ஸைப் பரணில் போட்டு வைப்பது நல்லது. ஐந்து வருடம் கழித்து ஒரு டைல்ஸ் உடைந்தால் அந்த டிசைன் எந்தக் கடையிலும் கிடைக்காது. சுவரை மூடுவதற்கு முன் குழாய்கள் போகும் பாதையை போனில் படம் எடுத்து வைத்தால், பிற்பாடு ஆணி அடிக்கும்போது உதவும்.

மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், ஒரு பக்கெட் தண்ணீரைத் தரை முழுக்க ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மூலையில், கமோட்டுக்குப் பின்னால், கதவோரத்தில் தண்ணீர் நின்றால், அவர் ஊரில் இருக்கும்போதே அந்த நாலு டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதிக்கச் சொல்லிவிடலாம்.